பெரியப்பா சொன்ன ஒரே ஒரு ‘டி’

அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, கன்றுக்குட்டியைக்கூட ‘வாங்க சாமி’ என்று கூப்பிடுகிற ஆள். என்னைத் தொட்டிலில் பார்த்த நாளிலிருந்தே ‘வாங்க அம்மணி, போங்க அம்மணி’தான். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். ஹாஸ்டலில் எவளாவது ‘ஏய்’ என்றால் அன்றைக்குச் சண்டை நிச்சயம். இப்படி மரியாதை கொடுத்துக் கொடுத்து என்னைக் கெடுத்து வைத்ததே அவர்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம். சரவணம்பட்டிப் பக்கம் காலேஜில் படித்துக்கொண்டிருந்தவள், லீவுக்குக் கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். விடியக்காலையில் அடித்த காற்றில் பாதி வாழை சாய்ந்துவிட்டது. பெரியப்பா காப்பிகூடக் குடிக்காமல் வாழைக்காட்டுக்குப் போய்விட்டார். தூக்குப்போசியில் இட்லி எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

வாய்க்கால் தண்ணீர் பாய்ந்து வாழைக்குள் கணுக்கால் அளவுக்கு நின்றது. எதிர் வரப்பில் பெரியப்பா. சுற்றிப் போனால் இட்லி ஆறிவிடும், குறுக்கே இறங்கிவிடலாம் என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். அவர் கையை ஆட்டினார்.

“அம்மணி, வர வேண்டாமுங்க!”

சாப்பாடு கொண்டுபோனால் எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வது இதுதான். உனக்கு எதற்குச் சிரமம் என்று அர்த்தம்.

“இருக்கட்டுங்க பெரியப்பா, வாரேன்!”

“வேண்டாமுங்க, நில்லுங்க அம்மணி!”

“அட, இதுல என்னங்க இருக்குது!” என்று ஒரு காலைத் தூக்கிவிட்டேன்.

“நில்லுடீ!”

குப்பென்று காது சூடாகிவிட்டது. தூக்கிய கால் அப்படியே நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தில் இல்லை, ரோஷத்தில். “யாரப் பாத்து டி போடறீங்க?” என்று நானும் கத்தினேன்.

அவர் கையை நீட்டிக் காட்டினார். நாலு வாழை தள்ளி, கரண்ட் கம்பி அறுந்து தண்ணீருக்குள் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு கொக்கு செத்து மிதந்தது. அட சாமி! எனக்கு உள்ளங்கால் வரைக்கும் சில்லிட்டுப் போனது.

“காலப் பின்னால வை. தண்ணில படாத. அப்படியே மேட்டுக்குப் போ.”

வரப்பும் அங்கங்கே ஈரம். ஒவ்வொரு அடியையும் காய்ந்த இடமாகப் பார்த்துப் பார்த்து வைத்தேன். இருபதடி தூரம், ஒரு யுகம். மேட்டில் ஏறியதும் உட்கார்ந்துவிட்டேன்.

பெரியப்பா வெளிவரப்போடு ஓடிப்போய், ஆள் பிடித்து, கரண்டை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். வேட்டியெல்லாம் சேறு. நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ என் முன்னால் வந்து நின்று கையைப் பிசைந்தார்.

“வாய் தவறிப்போச்சுங்க அம்மணி. மனசுல வெச்சுக்காதீங்க.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எதிர்த்துக் கத்தியவள் நான், மன்னிப்புக் கேட்பது அவரா? அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “இனி என்னை அப்படியே கூப்பிடுங்க பெரியப்பா. இன்னொருக்கா சொல்லுங்க.”

எனக்காக அவர் வாயைத் திறந்தும் பார்த்தார்.

“வர மாட்டீங்குதுங்க கண்ணு,” என்றார்.