தொண்ணூறு போட்ட ஒரே கோல்

ஊரில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கதை இதுதான். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் தொண்ணூறு, பழைய டைரக்டரின் வீட்டுக்குள் புகுந்து, ஸ்பேனரால் அடித்து, தாடையைப் பெயர்த்துவிட்டார். தான் வாழ்க்கையில் போட்ட ஒரே கோலை அந்த டைரக்டர் காசு கொடுத்து வாங்கியிருந்தார் என்று தெரிந்ததுதான் காரணமாம். சலூனில் ஒரு பல் போனதாகச் சொன்னார்கள். பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் அது மூன்று பல் ஆகிவிட்டது. மார்க்கெட் பக்கம் நான் போகவில்லை. போயிருந்தால் ஆளே போயிருப்பார்.

அன்றைக்குத் தொண்ணூறை என் லோடு வண்டியில் ஏற்றி அந்த வீட்டுக்குக் கொண்டுபோனவன் நான். சமையலறை வரைக்கும் கூடவே இருந்தவனும் நான். வம்பு பேசுவது எனக்கும் பிடிக்கும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நடந்ததே வம்பைவிடப் பெரிதாக இருக்கும்போது நடுவில் வம்பு எதற்கு? நடந்ததையே சொல்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று தெரிய வேண்டும். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது கரண்ட் பில்லில் மட்டும் வரும். தொண்ணூறாவது நிமிடத்தில் கோல் போட்டதால் தொண்ணூறு. எங்கள் கால்பந்து கிளப் கீழ் டிவிஷனில் கிடந்த காலத்தில், மேல் டிவிஷனுக்குப் போவது யார் என்று முடிவு செய்கிற கடைசி மேட்ச் அது. அதற்கு முன்னால் அவர் கோல் போட்டதில்லை. அதற்குப் பின்னால் மேட்சே ஆடியதில்லை. பெரிய டிவிஷனுக்குப் பெரிய ஆட்கள் வேண்டும் என்று கிளப்பில் சொன்னார்கள். நியாயம்தானே என்று இவரும் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஃப்ரிட்ஜ் வேலை கற்றுக்கொண்டார்.

ஆனால் அந்த ஒரு கோல் அவரை விடவில்லை. கடை வாடகைக்குக் கிடைத்தது அந்தக் கோலால். வாடிக்கைக்காரர்கள் வந்தது அந்தக் கோலால். "கோல் போட்ட காலுங்களா இது?" என்று கேட்டு ஃப்ரிட்ஜைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். "கால் அதேதாங்க, ஆனா ஃப்ரிட்ஜை நான் கையாலதான் பாப்பேன்" என்பார். கல்யாணம் நடந்ததும் அந்தக் கோலால்தான். மைதானத்து வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் அவருடைய மாமனார். கோல் விழுந்த மறுவாரமே வீடு தேடிப் போய், என் மகளைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டவர். அந்த மகள், எங்களுக்கெல்லாம் அண்ணி, அதே கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் சுற்றுவார். அவர் சுற்றிய மோட்டார் திரும்பி வந்ததில்லை. அவர் சொன்ன பதிலுக்கும் யாரும் திரும்பப் பேசியதில்லை.

டைரக்டர் என்றதும் சினிமாவை நினைக்காதீர்கள். எங்கள் கிளப்பை நடத்தியவர். படம் காட்டியதில் மட்டும் ஒற்றுமை உண்டு. கிளப்பை மேல் டிவிஷனுக்கு ஏற்றியவர் என்று பெயர் வாங்கி, கிழக்குப் பக்கத்து ஸ்டாண்டுக்குத் தன் பெயரையே எழுதிக்கொண்டார். பிறகு ஒருநாள் பயிற்சி மைதானத்தை யாருக்கும் சொல்லாமல் பாங்கில் அடகு வைத்திருந்தது வெளியே வந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் போகவில்லை. விஷயம் கோர்ட்டுக்குப் போனது. மைதானத்துக்குள் காலே வைக்கக் கூடாது என்று துரத்திவிட்டார்கள். ஸ்டாண்டில் இருந்த பெயரின் மேல் வெள்ளை அடித்தார்கள். மழை பெய்தால் அந்த எழுத்து இன்னும் தெரியும்.

போன வாரம் எங்கள் கிளப் மறுபடி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. வழக்கம்போல தொண்ணூறு கடையில் உட்கார்ந்துதான் மேட்ச் பார்த்தோம். அங்கே பழுதான ஃப்ரிட்ஜ் ஒன்றை மல்லாக்கப் படுக்கப்போட்டு வைத்திருப்பார். அதுதான் எங்களுக்கு பெஞ்சு. ரிப்பேர் முடிந்த ஃப்ரிட்ஜில் சோடா வைத்துச் சோதித்துப் பார்ப்பார். அந்தச் சோதனையில் சோடாவைக் குடித்து உதவுவது நாங்கள். அன்றைக்குக் கடைசி விசில் ஊதியபோது யாரும் சோடாவைத் தொடவில்லை. டிவியில் சோப்பு விளம்பரம் ஓடியது. அதையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் வாயைத் திறந்தவர் டெய்லர். "அந்த ஆள் மைதானத்தை அடகு வெச்சான் பாருங்க, அன்னைக்கே நாம இறங்கியாச்சு. இன்னைக்குத்தான் நியூஸ் வந்திருக்கு."

மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "அடகு வெச்சது தப்புதான்யா. நான் இல்லேங்கல. ஆனா நம்மள மேல கொண்டுபோனது யாரு? உங்க தாத்தாவா?"

"எங்க தாத்தாவை எதுக்கு இழுக்கறீங்க? அவர் இருந்திருந்தா ஏத்தாட்டியும் அடகு வெச்சிருக்க மாட்டாரு."

"எவ்வளவு வேணா திட்டு. அந்த மனுஷன் இல்லேன்னா இந்த ஊரு பேரு பேப்பர்ல வந்திருக்குமா?"

"ஏத்தினது உங்க மருமகன். அந்த ஆள் கோட்டைப் போட்டுக்கிட்டுப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டான்."

எல்லோரும் தொண்ணூறைப் பார்த்தோம். மனசு சரியில்லாத நாட்களில் அந்தக் கோலை அவர் வாயால் கேட்டால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறும். அவரும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"டிரா ஆனா அவங்க மேல போவாங்க. ஜெயிச்சா நாம மேல. முடியப் போற நேரம். பின்னாடி நின்னு தடுக்கற நம்ம பேக் காலைப் புடிச்சுக்கிட்டு உக்கார்ந்துட்டான். வெளிய சும்மா இருந்த என்னை எறக்கினாங்க. பந்து எப்படியோ என் காலுக்கு வந்துச்சு. நான் ஓடறேன். பின்னாடி நம்ம பசங்க கத்தறானுங்க, டேய் போகாதடா, திரும்பி வாடான்னு. அவ்வளவு பயம் அவனுங்களுக்கு, பந்தைப் பறிகொடுத்துடுவேனோன்னு. நான் காதுலயே வாங்கல. கண்ணை மூடிக்கிட்டு ஒரு உதை. உள்ள போயிடுச்சு. திரும்பிப் பாத்தா நம்ம டீம் மொத்தமும் கல்லு மாதிரி நிக்குது. சந்தோஷத்துல கை கால் ஓடல அவனுங்களுக்கு."

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தில் அவர் எப்போதும் துடைத்துக்கொள்வார்.

அப்போது ஓரத்தில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர், "அந்த மேட்சைப் பத்திப் பேச வேணாம்" என்றார். கிளப்பின் பஸ்ஸை ஓட்டியவர் அவர். அதிகம் பேசாத ஆள்.

"ஏன், உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார் மாமனார்.

"மேட்சுக்கு மொத நாள் ரெண்டு டீமும் ஒரே ஓட்டல்ல தங்கியிருந்துச்சு. டைரக்டரை அங்க கொண்டு விட்டது நான்தான். கையில ஒரு தோல் பை, புடைச்சுக்கிட்டு இருந்துச்சு. மாடிக்குப் போனாரு. திரும்பி வரும்போது அதே பை மடிச்சு கக்கத்துல இருந்துச்சு. மறுநாள் அவங்க கோல்கீப்பர், பேர் தெரியாத ஒருத்தன் உதைச்ச பந்தை விட்டுட்டான். இத்தனை வருஷமா வாயைத் தொறக்கல. இப்பதான் இறங்கியாச்சே, இனிமே என்ன."

கடையில் ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ்களின் உறுமல் மட்டும் கேட்டது. அதுவரை அது காதில் விழுந்ததே இல்லை.

மாமனார் மெல்லக் கேட்டார். "அப்ப காசுக்கு விட்ட கோலுக்கா நான் பொண்ணைக் குடுத்தேன்?"

அண்ணி காயிலில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "வேணும்னா திருப்பி எடுத்துக்கங்கப்பா. இந்த மோட்டாரை முடிச்சுட்டு வந்துடறேன்."

யாரும் சிரிக்கவில்லை. நானே சிரிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறு மட்டும், "அந்தக் கோல்கீப்பர் நல்லாத்தான் குதிச்சான். நான் பாத்தேன்" என்றார்.

"கண்ணை மூடிக்கிட்டு உதைச்சேன்னீங்களே" என்றார் டெய்லர். சொன்ன பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் தொண்ணூறு என் வண்டியில் ஏறினார். கையில் டூல்ஸ் பை. அது இல்லாமல் அவர் எந்த வீட்டு வாசலையும் மிதித்ததில்லை. டைரக்டர் வீட்டுக்குப் போ என்றார்.

"எதுக்கண்ணே, வேண்டாமே" என்றேன்.

"ஒரே ஒரு கேள்வி."

"அந்த ஆள் உண்மையைச் சொல்வாரா?"

"எல்லாம் போன ஆளு. இனிமே பொய் சொல்லி என்ன கிடைக்கும்?" கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்டா. அதுவும் பொய்யின்னா நான் யாரு?" என்றார். கியரை மாற்றினேன்.

பெரிய வீடு. உள்ளே சாமான் குறைவு. சோபா இருந்த இடத்தில் தரை மட்டும் பளிச்சென்று இருந்தது. கதவைத் திறந்த டைரக்டரின் மனைவி பையைப் பார்த்தார். "ஃப்ரிட்ஜ்காரரா? எத்தனை தடவை ஆள் அனுப்பச் சொல்றது. வாங்க, பாலெல்லாம் திரிஞ்சு போகுது" என்று நேராகச் சமையலறைக்கு அழைத்துப் போய்விட்டார். தொண்ணூறு மறுத்துப் பேசவில்லை. நின்றுபோன ஃப்ரிட்ஜைப் பார்த்தால் அவருக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது. சுவரில் இருந்து இழுத்து, பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, மோட்டாரைக் கிளப்பும் ரிலே கருகிப்போயிருக்க, அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது டைரக்டர் வந்தார். கோட்டு இல்லை. கழுத்து தொங்கிப்போன பழைய கிளப் பனியன். கையில் டீ டம்ளர்.

"நீ தொண்ணூறுதானே?"

"ஆமா சார்." எழுந்திருக்காமலே கேட்டார். "அந்த மேட்சுல அவங்க கோல்கீப்பருக்கு நீங்க காசு குடுத்தீங்களா சார்?"

டைரக்டர் சிரித்தார். நிஜமாகவே வேடிக்கையான ஒன்றைக் கேட்டவர் மாதிரி. "அவனுக்கு எதுக்குப்பா நான் குடுக்கணும்? அவங்கதான் மேல போவாங்கன்னு பந்தயம் கட்டினவன் நான்."

தொண்ணூறின் கையில் ரிலே அப்படியே நின்றது. "அப்ப அந்தப் பை?"

"நம்ம பசங்க ரூமுக்குப் போச்சு. ஜெயிக்காம பாத்துக்கங்கடான்னேன். டிரா ஆனாப் போதும். எல்லாம் ஒழுங்காத்தான் ஆடினானுங்க. அந்தப் பேக்கு, மடையன், நிஜமாவே காலைச் சுளுக்கிக்கிட்டான். வெளிய இருந்தது நீ ஒருத்தன்தான்."

"எல்லாருக்குமா குடுத்தீங்க?"

"ஆடறவங்க எல்லாருக்கும்."

"எனக்கு வரலையே சார்."

"நீ எறங்குவேன்னு யாரு கண்டா? எறங்கினாலும் நீ கோல் போடுவேன்னு உங்கம்மாவே நம்பியிருக்க மாட்டாங்க. உனக்குக் குடுத்தா வீண்தானே." டீயை ஒரு வாய் குடித்தார். "என் பணம் மொத்தமும் அந்த ஒரு உதையில போச்சு. அன்னைக்கே டீம்ல இருந்து உன் பேரை அடிச்சுட்டேன். ஆனா வெளிய வந்தா ஊரே என்னைத் தோள்ல தூக்குது. நான் என்ன பண்ண? உக்கார்ந்துக்கிட்டேன்."

இந்த ஆளுக்காகத் தட்டிய கை என்னுடையது. ஸ்டாண்டில் பெயர் எழுதிய அன்றைக்கு ஏணியைப் பிடித்தவன் நான். தொண்ணூறு புது ரிலேயை மாட்டினார். ஃப்ரிட்ஜ் உறுமி ஓட ஆரம்பித்தது. டூல்ஸைத் துடைத்துப் பைக்குள் போட்டு என்னிடம் கொடுத்து, "வண்டியைத் திருப்பு, வர்றேன்" என்றார். திருப்பி நிறுத்தினேன். வந்து ஏறினார்.

கடையில் எல்லோரும் காத்திருந்தார்கள். "அவங்க கோல்கீப்பர் காசு வாங்கல" என்றார் தொண்ணூறு.

மாமனார் குதித்து எழுந்தார். "நான் சொல்லல? டைரக்டர் அப்படிப்பட்ட ஆள் இல்ல."

"இருங்க மாமா. காசு வாங்கினது நம்ம பசங்க."

முழுக்கச் சொல்லி முடித்தபோது மாமனார் எப்போது உட்கார்ந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. பஸ் டிரைவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பையை வண்டியில இருந்து எறக்கிக் குடுத்தது நான்தான்" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது டெய்லர்தான். டைரக்டரைத் திட்டியே தொண்டை கட்டிப்போன மனிதர், இப்போது துள்ளிக் குதிக்க வேண்டாமா? படுத்துக்கிடந்த ஃப்ரிட்ஜின் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "வாயால என்ன சொன்னாலும், மேல ஏத்தினாருங்கற ஒண்ணை மட்டும் நான் மனசுக்குள்ள திட்டாம விட்டு வெச்சிருந்தேன்" என்றார்.

தொண்ணூறு சுவரில் இருந்த போட்டோவைக் கழற்றினார். டீம் மொத்தமும் அவரைத் தூக்கிக்கொண்டு நிற்கிற போட்டோ. ஒவ்வொரு முகமாக விரலை வைத்து வைத்துப் பார்த்தார். "தூக்கும்போது என் இடுப்பைக் கிள்ளிக்கிட்டே இருந்தானுங்க. ரத்தம் கட்டிப்போச்சு. பாசம்னு நெனச்சேன்."

"சரி, மாட்டுங்க" என்றார் அண்ணி. "சுவத்துல கறை தெரியுது."

நடந்தது இவ்வளவுதான். ஆகவே தொண்ணூறு யாரையும் அடிக்கவில்லை. ஸ்பேனரால் அடித்தார் என்பது சுத்தப் பொய், ஏனென்றால் ஸ்பேனர் இருந்த பை என் கையில் இருந்தது. இப்படி எழுதி முடித்து, எதற்கும் ஒரு தடவை இருக்கட்டும் என்று அவரிடமே படித்துக் காட்டினேன். ஒரு கதவின் ரப்பரை மாற்றிக்கொண்டே கடைசி வரை கேட்டார். பிறகு சொன்னார்:

"கடைசில தப்பா எழுதியிருக்க. அடிச்சேன். ஸ்பேனர்தான் உன் கையில இருந்துச்சு, கை என்கிட்டதானே இருந்துச்சு. நீ வண்டியைத் திருப்பப் போனப்ப ஒண்ணு விட்டேன். பல்லெல்லாம் போகல, கன்னம்தான் வீங்கியிருக்கும். ஆனா கோலை வாங்கினதுக்கு அடிச்சேன்னு எவனும் சொல்லக் கூடாது. அத்தனை பேர் ரூமுக்கும் போனவன் என்கிட்ட மட்டும் வரல. வந்து கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல விடல அந்த ஆளு. அதுக்குத்தான் அடிச்சேன்."