புது மாப்பிள்ளையின் கால்சட்டை

என் வீட்டுக்காரரின் கால்சட்டையை அன்று மறுபடியும் இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. சர்க்கரை நோய் எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில்தான் தெரியவந்தது. ஒரே டாக்டர், ஒரே அடுப்பு, ஒரே பானை. இவருக்குச் சர்க்கரை இறங்கியது, தொப்பையும் கரைந்தது. எனக்கு இரண்டும் அசைந்து கொடுக்கவில்லை. என் ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

மின்சாமான் கடையில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனிதர். இப்போது விடிந்தால் வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு கைவீசி நடக்கிறார். மாடிப்படியில் எதிரே வருகிறவர்களெல்லாம், "என்ன சார், புது மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க!" என்கிறார்கள். இவர் உடனே வயிற்றை எக்கிக்கொண்டு, "எல்லாம் மனசுலதான் இருக்கு" என்பார். அந்த மனசு நடந்துவிட்டுத் திரும்புவதற்குள் காய் நறுக்கி, பயறு வேகவைத்து, சட்டையையும் தேய்த்து மாட்டிவைப்பது யார்? அதை ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் ஒருநாள் என்னிடமே வந்து, "அண்ணனைப் பார்த்தாவது கத்துக்கக் கூடாதாக்கா?" என்றாள். கையில் கத்தரிக்கோல் இருந்தது. சிரித்துவைத்தேன், தப்பித்தாள்.

வெறும் பொறாமை என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஊசியில் நூல் கோக்கும்போது கண்ணில் புகை படிந்த மாதிரி இருந்தது. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை இப்படியே இருந்தால் பார்வை கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டார். கண் போனால் தையல் போச்சு. இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அந்தத் தையல் மெஷின் ஒன்றுதான். பயம் பிடித்துக்கொண்டது.

அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் போனபோது இருவரின் ரத்தப் பரிசோதனையும் மேஜைமேல் இருந்தது. இவருடையதைப் பார்த்து, "பிரமாதம்!" என்றார். என்னுடையதைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாயைக் கட்டணும் டாக்டர்," என்று இவர் முந்திக்கொண்டார். "என்னைப் பாருங்க, தட்டுல சோறு வச்சா பாதியை ஒதுக்கிடுவேன். இவளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டாக்டரம்மா இவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எப்பம்மா சாப்பிடுவீங்க?"

"இவர் சாப்பிட்டு எழுந்தப்புறம்."

"என்ன சாப்பிடுவீங்க?"

"எனக்கு வச்ச சோறு, காய், பயறு. அப்புறம் இவர் ஒதுக்கி வச்சது. கொட்ட மனசு வருமா? அதையும் போட்டுப்பேன்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அடப்பாவி மனுஷா! இவர் குறைத்த சோறு குப்பைக்கும் போகவில்லை, பானைக்கும் திரும்பவில்லை. வேளை தவறாமல் என் வயிற்றுக்குள் போயிருக்கிறது. ஊரே மெச்சிய கட்டுப்பாடு என் உடம்பில் அல்லவா ஏறியிருக்கிறது! இவர் மேஜைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடக்குறீங்களா?"

"அடுப்புக்கும் மெஷினுக்கும் நடுவுல நடக்குறேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சோத்தை அளவா வடிங்க. உங்க வயிறு குப்பைத்தொட்டி இல்ல. காலையில நீங்களும் நடந்தாகணும்," என்றார்.

"நேரம் ஏது டாக்டர்?"

டாக்டரம்மா திரும்பி இவரைப் பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல ஷூவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்ற கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு நான் அங்கே நின்றிருந்தேன்.

"நீங்க சாயங்காலம் நடங்க. இப்ப அடுப்பைப் பார்த்துக்குங்க."

"நானா?"

"பின்ன, டீச்சரா?"

முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாதி மாடிப்படி இறங்கியிருப்பேன். புது மாப்பிள்ளை அரிசி அளக்கும் குவளையோடு கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "ஏய், அரிசி எவ்வளவு போடணும்?"

"தினமும் நான் போடுறதுல, நீங்க ஒதுக்கி வைக்கிற சோத்தைக் கழிச்சுட்டுப் போடுங்க!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.