மேரி வீட்டுப் பாலைவனப் பூ

எண்பதுகளில் திண்டிவனத்தில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு மேரியின் கணவர் ராணுவத்தில் இருந்தார். ராஜஸ்தான் பாலைவனத்திலிருந்து அவர் கொண்டுவந்த விதையில் அவள் வாசல் முழுக்க மஞ்சள் பூ. என் ரோஜாவை எட்டிக்கூடப் பார்க்காத என் வீட்டுக்காரர் அதைத் தினமும் நின்று ரசித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

கோடையில் மேரி விழுப்புரத்துக்குத் தாய்வீடு போனாள். "வாரத்துக்கு ஒரு சொம்பு ஊத்துங்கக்கா. அதிகமானா அழுகிடும்" என்றாள். தெருக்குழாயில் காத்துக்கிடந்து பிடித்த தண்ணீரை நான் தினமும் குடம் குடமாக ஊற்றினேன்.

திரும்பி வந்தவள் அழுகிய செடிகளைப் பார்த்தாள். "இந்தத் தண்ணிக் கஷ்டத்துல, காஞ்சிடப் போவுதேன்னு ஊத்திக்கினே இருந்தீங்களாக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாம்" என்றேன்.

மிச்ச விதையைப் பொட்டலம் கட்டி என்னிடமே கொடுத்தாள். அதை விதைக்க எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை.