பிளேடால் அறுத்த கைடு

இன்று அரூரிலிருந்து வரும்போது பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் அன்வர். பள்ளித் தோழன். இப்போது கம்பைநல்லூரில் இரும்புக் கடை வைத்திருக்கிறான்.

1986-இல் பொறியியல் நுழைவுத் தேர்வுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரே கைடு வாங்கினோம். அதை பிளேடால் இரண்டாக அறுத்தோம். கணக்கு ஒரு பாதி, இயற்பியலும் வேதியியலும் மறு பாதி. ஞாயிறுதோறும் கம்பைநல்லூர் பேருந்து நிறுத்தத்தில் பாதிகளை மாற்றிக்கொள்வோம்.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு நான் போகவில்லை. வேதியியலில் இன்னும் இரண்டு பாடங்களுக்குக் குறிப்பெடுக்க வேண்டியிருந்தது.

எனக்கு இடம் கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை.

இத்தனை வருடம் கழித்து இன்றுதான் மன்னிப்புக் கேட்டேன்.

"அட போப்பா! நீ குடுத்திருந்தாலும் நான் எங்க படிச்சிருக்கப் போறேன்? கணக்குதான் என்னைக் கவுத்துச்சு. அந்தப் பாதி என்கிட்டதானே இருந்துச்சு!" என்று சிரித்தான்.

எனக்கும் மனது லேசானது.

கம்பைநல்லூர் வந்தது. இறங்கும்போது நிறுத்தத்தைக் காட்டி, "அன்னிக்குக் கடைசி பஸ் வரைக்கும் இங்கதான் நின்னுட்டிருந்தேன்" என்றான்.

படிக்கப் போவதில்லை என்கிறவன் எதற்காக அவ்வளவு நேரம் நின்றான்? கேட்பதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது.

உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். எனக்குச் சாதகமான பதிலாக இருந்தால் நல்லது.