பூசணத்துக்குள் ஒரு படகு

கொடைக்கானலில் நான் வேலை பார்த்த பங்களாவை எழுபதுகளின் கடைசியில் முதலாளி வீட்டார் அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வீடு ஓவியக் கூடமானது. சுவரில் தொங்கியவை நான் தினம் துடைத்த அதே படங்கள்தான். அடியில் ஓர் அட்டை ஒட்டியதும் கலையாகிவிட்டன.

மலைக்குக் கீழேயிருந்து வந்த அதிகாரி நிறையப் படித்தவர். நான் ஐந்தாவதோடு நின்றவள், அதனால் அவர் உத்தரவுகள் எனக்கு விளங்கவில்லை. ஹாலில் குளிர்காயும் கணப்பில் தீ மூட்டக் கூடாது, புகை ஆகாது. படத்தை யாரும் துடைக்கக் கூடாது. மீறினால் வேலை இல்லை. வேலை போனால் பின்கட்டில் நானும் மகளும் இருந்த அறையும் போகும். இலங்கைத் தோட்டத்திலிருந்து ஏற்கெனவே ஒருமுறை மூட்டை கட்டி வந்தவள் நான். வாயை மூடிக்கொண்டேன். வாய் திறப்பது எனக்கு எப்போதுமே கூச்சம்.

ஐப்பசி மழை பிடித்தது. ஹாலில் இருந்த ஏரிப் படத்தில் பூசணம் பூத்தது. முதலில் வெள்ளைப் படகு மறைந்தது, பிறகு கரை. அந்தப் படத்துக்கு அட்டை எழுத அதிகாரிக்கு அப்போதுதான் நேரம் வந்தது. ‘பனி மூடிய ஏரி’ என்று எழுதினார். பார்க்க வந்தவர்கள், “பாத்தாலே குளிருதுங்க” என்று மெச்சினார்கள். கணப்பு அணைந்து கிடந்தால் குளிராமல் என்ன செய்யும்?

வாட்ச்மேன் சிரித்தார். “ஏக்கா, அது பூசணம்னு சொல்லிற வேண்டியதுதான?”

“ஏன் தொடைக்கலைன்னு தொரத்துவாரு.”

“தொடைச்சிட்டா?”

“ஏன் தொடைச்சேன்னு தொரத்துவாரு.”

ஒருநாள் மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். பனியை விரலால் தொட்டார். பனி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கள் அதிகாரி உடனே என் பக்கம் திரும்பினார்.

“இந்தாம்மா, இதைத் தொடைக்கிறதைவிட உனக்கு என்ன சோலி? நாளையிலேருந்து வராதே.”

எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை. “நீங்கதானங்க தொடைக்கப்படாதுன்னீங்க? தீயும் மூட்டப்படாதுன்னீங்க. இது பூசணங்க. நாலு நாள் கணப்பு எரிஞ்சா காஞ்சு உதிந்துரும். உள்ள ஒரு படகு கெடக்குதுங்க.”

பெரியவர் சிரிக்கவில்லை. “விறகு இருக்கா? இனிமே தினம் இவங்களே தீ மூட்டட்டும்” என்றார். எங்கள் அதிகாரி, “நானும் அதைத்தான் யோசிச்சேன் சார்” என்றார். யோசிக்கத் தெரிந்தவர்.

பின்கட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் அதற்குள் ஓடிப்போய்ச் சேதி சொல்லியிருந்தார், பாதிச் சேதியை. மகள் அழுதுகொண்டே சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“அவுத்துப் போடுடி” என்றேன். “வேலை போகலை, கூடிருச்சு.”