கல் வைத்த பழம்

கடத்தூரில் மாம்பழ மண்டி வைத்திருக்கிறேன். காய் சீக்கிரம் பழுக்க, பெட்டிக்குள் கார்பைடு கல்லைத் துணியில் முடிந்து வைப்பேன். கூடாதென்று தெரியும். எல்லோரும்தானே செய்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

போன சீசனில் ஒரு சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது, பத்தாவது படிக்கும் மகள் வேதியியல் சமன்பாடு ஒன்றைச் சமன் செய்துகொண்டிருந்தாள். கால்சியம் கார்பைடோடு தண்ணீர் சேரும் சமன்பாடு.

"ஹைட்ரஜன் இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் நாலு வருதுங்கப்பா. இருங்க, தண்ணிக்கு முன்னால ரெண்டு போட்டா சரியாயிடும்."

"ஏன், சரியா வரலைன்னா என்ன?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"உள்ள போனது காணாமப் போவாதுங்கப்பா. வேற உருவத்துலயாச்சும் வெளிய வந்தே ஆவணும்."

எழுதி முடித்தவள் என் சட்டையை முகர்ந்து பார்த்தாள். "இந்தக் கல்லுல ஈரம் பட்டா வாயு வரும், பூண்டு மாதிரி நாறும்னு டீச்சர் சொன்னாங்க. உங்க மேல தெனமும் அடிக்கிறது இதுதாங்களா?"

தலையசைத்தேன். அவள் பார்வை மூலையிலிருந்த கூடைக்குப் போனது. எங்களுக்கென்று நான் தனியாக எடுத்துவந்து, வைக்கோலில் பொதிந்து வைத்த மாங்காய்கள் அதில் இருந்தன.

"அப்புறம் நம்ம வூட்டுப் பழத்துக்கு மட்டும் ஏங்கப்பா வைக்கோலு?"

சட்டையைக் கழற்றும் சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அதன்பிறகு நான் கல் வாங்கவில்லை. ஆனால் அன்று காலை பொம்மிடிக்கு ஏற்றி அனுப்பிய பெட்டிகளைத் திருப்பி வரவழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு போன் போட்டிருந்தால் போதும். அந்தப் பழங்களை ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை தின்றிருக்கும்.