முன்வரிசை பி.டி. டீச்சர்

பேச்சாளர் வாயைத் திறந்ததும் முன்வரிசையிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பி.டி. டீச்சர் கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டார் என்று அர்த்தம். இருபது நிமிடம் கொடுத்தால் இருபது நிமிடம்தான். அதற்கு மேல் போனால் டீச்சர் ஒன்றும் சொல்லமாட்டார். இடது புருவம் மட்டும் மெல்ல மேலே ஏறும். பேராசிரியர்கள் அமர்வுத் தலைவரின் மணியை லட்சியம் செய்வதில்லை. அந்தப் புருவத்தைப் பார்த்தால் கடைசி நான்கு பக்கத்தைத் தள்ளிவிட்டு நன்றி சொல்லிவிடுவார்கள்.

விளையாட்டுச் சமூகவியல் மாநாடு வருடத்துக்கு ஒருமுறை, பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில் மூன்று நாள் நடக்கிறது. வருகிற எல்லோர் கழுத்து அட்டையிலும் பெயருக்குக் கீழே ஒரு பட்டமும் ஒரு துறையும் இருக்கும். டீச்சரின் அட்டையில் 'பார்வையாளர்' என்று மட்டும். பெண்கள் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருடமாக விசில் ஊதுகிறவர். ஏழு வருடமாக இந்த மூன்று நாளுக்கென்றே விடுப்பைச் சேர்த்து வைக்கிறார். "லீவு போட்டுட்டு வகுப்புல போய் உக்கார்ற ஒரே ஆளு உலகத்துலயே நீதான்" என்பார், பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கும் அவருடைய கணவர். சொல்லிக்கொண்டே தண்ணீர் பாட்டிலை நிரப்பி, பேனா மை இருக்கிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துக் கொடுத்தனுப்புவார்.

டீச்சரின் நோட்டு தனி ரகம். பேச்சாளர் சொன்னது ஒரு வரி, தனக்குப் புரிந்தது அடுத்த வரி. 'உடல்சார் மூலதனம்' என்பதற்குக் கீழே, 'ஒடம்பு நல்லாருக்கற வரைக்கும்தான் மரியாதை'. 'பாலினமயமான பொதுவெளி' என்பதற்குக் கீழே, 'மைதானம் முழுக்கப் பசங்களே நிக்கிறாங்க'. இந்த இரண்டாவது வரிகளை யாராவது அச்சுப் போட்டால் மாநாட்டின் பாதிப் பேருக்கு உபயோகமாக இருக்கும்.

கேள்வி நேரம் வந்தால் டீச்சர் கேட்பது ஒரே கேள்விதான். ஆய்வாளர்கள் தாங்கள் பேட்டி கண்டவர்களுக்குப் பெயர் தரமாட்டார்கள், எண் போடுவார்கள். மூன்றாம் எண் ஓட்டத்தை விட்டார், ஏழாம் எண்ணைத் தேர்வுக்குழு ஒதுக்கியது என்று போகும். எல்லாம் முடிந்ததும் டீச்சர் எழுந்து, அடிவயிற்றிலிருந்து வருகிற மைதானக் குரலில் கேட்பார்: "அந்த ஏழாம் நம்பர் பொண்ணு இப்ப என்ன பண்றா?"

யாருக்கும் தெரிந்திருக்காது. ஆய்வு முடிந்துவிட்டது, தொடர்பு இல்லை என்பார்கள். பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பும். டீச்சர் "சரிங்க" என்று உட்கார்ந்துவிடுவார்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சிறுமி இருக்கிறாள். உயரம் தாண்டுகிறவள். ஒரு பருவத்தில் நான்கு நாள் தொடர்ந்து பயிற்சிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தபோது, "இஷ்டத்துக்கு வர்றதுக்கு இதென்ன பூங்காவா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தி, பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார் டீச்சர். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அவள் அம்மா படுக்கையில் இருந்தது மூன்று வாரம் கழித்துத்தான் காதுக்கு வந்தது. வீட்டைத் தேடிப் போனபோது பூட்டியிருந்தது. காலி செய்துகொண்டு எங்கோ போயிருந்தார்கள். பதினெட்டு வருடம் ஆகிறது. கேட்கவேண்டிய இடத்தில் கேட்காத கேள்வியைத்தான் டீச்சர் இப்போது கிடைக்கிற இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்த வருடம் இரண்டாம் நாள், மாடியில் இருக்கும் சின்ன அறையில் ஓர் ஆய்வு மாணவி கட்டுரை வாசித்தாள். விளையாட்டைப் பாதியில் விட்ட பதினொரு பெண்களைப் பற்றியது. ஒல்லியான பெண், குரல் மட்டும் கணீரென்று இருந்தது. ஒன்பதாம் எண்ணுக்கு வந்தபோது அந்தக் குரல் கம்மியது. குண்டு எறிபவர், சுமார் பன்னிரண்டு மீட்டர் எறிந்தவர், தந்தை நோயில் விழுந்ததும் வீட்டைக் கவனிக்க விளையாட்டைக் கைவிட்டவர், இளைய உடன்பிறப்பு மட்டும் படிப்பைத் தொடர முடிந்தது. "இது ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று முடித்தாள்.

டீச்சர் எழுந்தார். "அந்த ஒன்பதாம் நம்பர் இப்ப என்ன பண்றாங்கம்மா?"

மாணவியின் முகம் வெளுத்துப்போனது. பின்னால் யாரோ வழக்கம்போலச் சிரித்தார்கள். அவள் தாள்களை அடுக்கினாள், மறுபடி கலைத்து அடுக்கினாள். அமர்வுத் தலைவர் அவசரமாக நன்றி சொல்லி முடித்துவைத்தார்.

தேநீர் இடைவேளையில் மாநாட்டு அமைப்பாளர் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார். "தப்பா நினைக்காதீங்க டீச்சர். இது ஆராய்ச்சி மாநாடு. நீங்க அப்படிக் கேட்டா பிள்ளைங்க மிரண்டு போறாங்க. அடுத்த வருஷத்துல இருந்து முன்வரிசை பேச்சாளர்களுக்கு மட்டும்னு வெச்சிடலாமான்னு யோசிக்கிறோம்."

"வெச்சுக்குங்க சார்" என்றார் டீச்சர். எடுத்த பிஸ்கட்டைக் கடிக்கவும் முடியவில்லை, திருப்பி வைக்கவும் முடியவில்லை. ஏழு வருடத்தில் முதன்முறையாக, தான் இங்கே யாருக்கும் வேண்டாத ஆள் என்று தோன்றியது. கூடவே, அந்தப் பெண்ணின் முகம் அப்படி வெளுத்துப்போனதும் மனதை அரித்தது. மதிய உணவுக்கு நிற்காமல் கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்து, மாடி அறையில் விட்டிருந்த நோட்டை எடுக்கப் போனார்.

அறையில் மாணவி தனியாக இருந்தாள். மடிக்கணினியின் ஒயரைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"உன்னை மாட்டிவிடணும்னு கேக்கலம்மா" என்றார் டீச்சர். "எனக்கு அதை விட்டா வேற கேள்வி கேக்கத் தெரியாது. மன்னிச்சுக்கோ."

"தெரியாம முழிக்கல டீச்சர்." அவள் ஒயரைக் கீழே வைத்தாள். "ஒன்பதாம் நம்பர் எங்க அக்கா."

டீச்சர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கட்டுரையை முதல்ல அக்காகிட்டதான் குடுத்தேன். உக்காந்து முழுசாப் படிச்சா. 'இழந்தேன்னு யாருடி சொன்னா உனக்கு? நான் குடுத்தேன். குடுத்ததுக்கும் இழந்ததுக்கும் வித்தியாசம் தெரியாம என்னத்தப் படிச்சே நீ?'ன்னு கேட்டா. அதோட சரி. எட்டு மாசமா பேசல. என் நம்பரைப் பாத்தா எடுக்கறதில்ல."

"இத்தனைக்கப்புறமும் இன்னிக்கு அதே வார்த்தையத்தானே வாசிச்சே?"

"மாத்தத்தான் நினைச்சேன். வேற வார்த்தை கிடைக்கல."

ஆறுதல் சொல்வது டீச்சருக்கு என்றைக்கும் வராது. யாராவது அழுதால் தண்ணீர் குடி, காலை நீட்டு என்பார். தன் கைப்பேசியை எடுத்து நீட்டினார். "இதுல இருந்து போடு. தெரியாத நம்பர்னா எடுப்பாங்கல்ல?"

மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்கள். "ஹலோ? யாரு?" என்றது ஒரு கனத்த குரல். பின்னணியில் இரும்பு மோதும் சத்தம். மாணவி விறைத்துப்போனாள். கைப்பேசி டீச்சர் கைக்கே திரும்பி வந்தது.

"நான் ஒரு பி.டி. டீச்சர் பேசறேம்மா. உங்க தங்கச்சி பக்கத்துலதான் இருக்கா. பேச வாய் வரல."

அந்தப் பக்கம் இரும்புச் சத்தம் தள்ளிப் போனது. போனை வைக்கவில்லை. "அழுதுட்டிருக்காளா?"

"ஆமா."

"மூக்கை உறிஞ்சறது இங்க கேக்குது. அந்தக் கட்டுரையை மேடையில பேசிட்டாளா?"

"பேசினா. நீங்க பன்னிரண்டு மீட்டர் எறிஞ்சீங்கன்னு எல்லார் முன்னாலயும் சொன்னா."

"பன்னிரண்டா?"

"சுமார் பன்னிரண்டுன்னு..."

"சுமாரா! பன்னிரண்டு மீட்டர் நாப்பத்திமூணு செண்டிமீட்டர், டீச்சர்! அந்த நாப்பத்திமூணுக்கு நான் ரெண்டு வருஷம் உயிரை விட்டிருக்கேன். அதை அப்படியே முழுங்கிட்டாளா அவ?"

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்பத்திமூன்று என்றால் என்னவென்று அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். "பக்கவாட்டுல நின்னு எறிவீங்களா, திரும்பி நின்னா?" என்று கேட்டார். திரும்பி நின்றுதான் என்றது குரல். வலது முட்டி எப்படி என்றார். மழை வந்தால் முனகும், மற்றபடி பரவாயில்லை. லாரி டயர் கடையில் வேலை. டயர் தூக்குவதில் தன்னை அடித்துக்கொள்ள அங்கே ஆம்பளை யாரும் இல்லை என்றது குரல், கொஞ்சம் பெருமையாகவே.

பிறகு அந்தக் குரல் இறங்கியது. "அவகிட்ட குடுங்க டீச்சர்."

மாணவி இரண்டு கையாலும் கைப்பேசியை வாங்கிக் காதில் வைத்தாள். "அக்கா" என்றாள். "நாப்பத்திமூணுக்கா. நாப்பத்திமூணுன்னு எழுதிடறேன்" என்றாள், திரும்பத் திரும்ப.

டீச்சர் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். தாழ்வாரத்தில் அடுத்த அமர்வுக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அமைப்பாளர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தபடி முன்னால் வந்தார்.

"இன்னும் முடியல சார்" என்றார் டீச்சர்.

"எது முடியல? இங்க நடந்த அமர்வு அப்பவே முடிஞ்சிடுச்சே?"

டீச்சர் காலை அகட்டி வைத்து, முதுகைக் கதவில் அழுத்தி, கைப்பிடியைப் பின்புறமாக இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.